முகம் சொல்வதும் உடல் சொல்வதும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

சென்ற மாதம் வந்த கடிதங்களில் உடல்நோயைப் பற்றியவற்றைவிட மனத்தைப் பற்றியவையே மிகுதி. அவற்றுள், உள்ளத்தில் எழும் உணர்ச்சி முகத்திலும் குரலிலும் உடலிலும் எப்படி வெளிப்படுகிறது, அந்த வெளிப்பாடு வாழ்க்கையை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதைத் தொட்ட கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்துக்கு மட்டுமே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்று வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவன் நான். இன்றைய அறிவியல் இதை ஏற்கிறதா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

பாதியை ஏற்கிறது, ஐயா. மீதிப் பாதியைப் பற்றிய வழக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறது.

1862-இல் துஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர், முகத்தில் உணர்வு மரத்துப்போன ஒரு முதியவரை உட்காரவைத்து, அவருடைய முகத்தசைகளை ஒவ்வொன்றாக மின்சாரத்தால் தூண்டிப் புகைப்படம் எடுத்து வெளியிட்டார். கன்னத்துத் தசையைத் தூண்டியபோது வாய் மட்டும் சிரித்தது; உண்மையான மகிழ்ச்சியில் சிரிக்கும்போதோ கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்கியது. வாய் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும், கண் உள்ளத்துக்கு மட்டுமே கட்டுப்படும் என்று அவர் முடிவுகட்டினார். (கண்ணையும் சேர்த்து நடிக்கப் பலரால் முடியும் என்பது பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தது. நம் ஊர் நாட்டியக் கலைஞர்களிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.) அடுத்த பத்து ஆண்டுகளில், 1872-இல், சார்லஸ் டார்வின் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். முகபாவங்கள் இனம், மொழி கடந்து ஒன்றாக இருக்கின்றனவா என்று அறிய, உலகின் பல மூலைகளில் இருந்த பாதிரிமார்களுக்கும் அதிகாரிகளுக்கும் அவர் கேள்விப் பட்டியல் அனுப்பியிருந்தார். கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்தும் அதற்கு விடை போயிருக்கிறது.

டார்வினின் வழியில் வந்த அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் 1960-களின் இறுதியில் பாப்புவா நியூ கினியின் மலைப்பகுதிக்குச் சென்று, வெளியுலகத் தொடர்பு குறைவாக இருந்த ஃபோரே மக்களிடம் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தைப் புகைப்படங்களிலிருந்து எடுத்துக்காட்டச் சொன்னார். மகிழ்ச்சி, துயரம், சினம், அருவருப்பு ஆகியவற்றைப் பெரும்பாலோர் சரியாகக் காட்டினார்கள். அச்சத்தையும் வியப்பையும் பிரித்தறிவதில் தடுமாறினார்கள். அடிப்படை உணர்ச்சிகளுக்கு உலகெங்கும் ஒரே முகம் என்ற கருத்து இதிலிருந்துதான் வேரூன்றியது. ஆனால் 2019-இல் லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்து, முகத்தை மட்டும் வைத்து உள்ளத்தைத் தீர்ப்பிட முடியாது என்று எழுதினார்கள். சினம் வந்தவர் புருவத்தை நெரிப்பது உண்டு. நெரிக்காமல் இருப்பதும் உண்டு. சினமே இல்லாமல், கணக்கு ஒத்துவராமல் யோசிப்பவரும் புருவத்தை நெரிக்கிறார்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உள்ளத்து உணர்ச்சி உடலில் தோன்றுவதைச் சொல்லும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பிள்ளைகளுக்கு நீங்கள் நடத்தியிருப்பீர்கள். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை என்று எட்டைச் சொன்னவர் அதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் சேர்த்தே சொன்னார். அச்சத்துக்கு அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்); வெகுளிக்கு உறுப்பறை (உறுப்பை வெட்டுதல்), குடிகோள் (குடியை நலிதல்), அலை (வைதலும் அடித்தலும்), கொலை. நடந்தது என்ன என்று தெரியாமல் வெளித்தோற்றத்தை மட்டும் தனியே வெட்டியெடுத்துப் படிக்க இயலாது என்ற எச்சரிக்கையை நான் அதில் காண்கிறேன். வள்ளுவரும் ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ நெஞ்சில் மிகுந்ததை முகம் காட்டும் என்ற குறளைப் பொதுவாக எல்லாருக்குமென்று வைக்கவில்லை. அரசனுடன் நாளெல்லாம் பழகும் அமைச்சனுக்கான குறிப்பறிதல் அதிகாரத்தில் வைத்தார். இன்னொரு குறிப்பறிதல் காமத்துப்பாலில், காதலர்க்குரியது. இரண்டு இடத்திலும் படிப்பவர், படிக்கப்படும் முகத்தோடு நெருங்கிப் பழகுகிறவர். பழமொழி அந்த அளவுக்கு உண்மை. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவரின் அகத்தை அவர் முகத்தில் படிக்க முயன்றால் தவறுவதற்கே வாய்ப்பு மிகுதி.

என் கணவருக்கு வயது 67. இரண்டு ஆண்டுகளாக அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. பேரன் எதிரே குதித்து விளையாடினாலும் சுவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். மருமகள் ‘மாமாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்று கண்கலங்குகிறாள். பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆனால் போட்டோ எடுக்கும்போது ‘சிரிங்க’ என்றால் சிரிக்கிறாரே, அப்படியானால் மற்ற நேரத்தில் வேண்டுமென்றுதானே இருக்கிறார்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் பதிலே இருக்கிறது. சொன்னால் சிரிக்கிறார், தானாகச் சிரிப்பதில்லை என்று நீங்கள் கவனித்திருக்கிறீர்களே, அது அவருடைய பிடிவாதத்தின் அடையாளமன்று, நோயின் அடையாளம்.

சிரிப்புக்கு மூளையிலிருந்து இரண்டு வழிகள் உண்டு. ‘சிரிக்க வேண்டும்’ என்று நினைத்துச் சிரிப்பதற்கான ஆணை, மூளையின் மேற்பரப்பில் தசைகளை இயக்கும் பகுதியிலிருந்து புறப்படுகிறது. பேரனைப் பார்த்ததும் நினைக்காமலே மலரும் சிரிப்பு, மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளின் துணையோடு வேறொரு வழியில் வருகிறது. பார்க்கின்சன் நோய் கெடுப்பது பெரிதும் அந்த ஆழத்துப் பகுதியைத்தான். ஆகவே நினைத்துச் செய்யும் சிரிப்பு ஓரளவு மிஞ்சுகிறது. தானாக மலரும் சிரிப்பு மங்கிப்போகிறது. சிலவகைப் பக்கவாதத்தில் இதற்கு நேர்மாறாக நடப்பதையும் நாங்கள் பார்க்கிறோம். ‘பல்லைக் காட்டுங்கள்’ என்றால் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொள்ளும். பக்கத்துப் படுக்கைக்காரர் வேடிக்கையாக எதையாவது சொன்னால் இரண்டு பக்கமும் ஒன்றாக மலரும். மூளைத்தாக்குக்குப் பிறகு சிலர், துயரமே இல்லாத நேரத்திலும் தாங்க முடியாமல் அழுவார்கள். அவர்களைக் கேட்டால் ‘எனக்கு அழுகை வருகிறது டாக்டர், ஆனால் வருத்தம் ஒன்றுமில்லை’ என்பார்கள். முகமும் அகமும் இப்படிப் பிரிந்துபோகக்கூடும் என்பதைக் குடும்பத்தார் நம்புவதற்கு நாளாகிறது.

கண் இமைப்பதும் இந்த நோயில் குறைந்துவிடும். அதனால்தான் சுவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது. குரலும் தாழ்ந்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராகப் போகும். ‘சாப்பாடு நன்றாயிருக்கிறது’ என்று அவர் சொன்னாலும் கேட்பவர் காதில் அது குறை சொல்வதுபோல விழும். நோய் அவருக்குள் செய்யும் கேட்டைவிட, இந்த வெற்று முகத்தைப் பார்த்து மற்றவர்கள் விலகிப்போவது செய்யும் கேடு சில வீடுகளில் பெரிது. சிரிக்காதவரிடம் பேச்சுக் குறைகிறது. பேச்சுக் குறைந்தவரின் அறைக்குள் போவது குறைகிறது. மருமகள் தட்டை வைத்துவிட்டு வந்துவிடுகிறாள். தமக்கு இருக்கிற அன்பு வெளியே தெரியவில்லை என்பதுகூட அறியாமல், ‘எல்லாரும் என்னை ஒதுக்கிவிட்டார்கள்’ என்று அவர் நினைக்கத் தொடங்குகிறார். முகத்தில் தோன்றாத உணர்ச்சி ஒரு மனிதரின் வாழ்க்கையை மாற்றுவதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

செய்ய வேண்டியவை சில. இந்தப் பகுதியை மருமகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கணவர் மனத்தில் உள்ளதை முகத்தில் தேடாமல் வாய்விட்டுக் கேளுங்கள்: ‘பையன் பண்ணின குறும்பு பிடிச்சிருந்ததா?’ பதில் மெல்லிய குரலில், சற்றுத் தாமதமாக வரும், காத்திருக்க வேண்டும். தம் மகிழ்ச்சியைச் சொல்லாலும் கையாலும் காட்டும் பழக்கத்தை அவரும் உண்டாக்கிக்கொள்ளலாம். பேரனின் தலையில் கைவைத்து ‘நல்லா ஆடினேடா’ என்றால் போதும், குழந்தைக்கு முகம் வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சியாளர் உள்ள மருத்துவமனையாக இருந்தால் குரலுக்கும் முகத்துக்கும் பயிற்சி தருவார்கள். மாத்திரை வேலைசெய்யும் நேரத்தில் முகம் சற்று இளகுவதும் உண்டு. எந்த வேளையில் நன்றாக இருக்கிறார் என்று குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். இந்த நோயாளிகளுக்கு உண்மையான மனச்சோர்வும் அடிக்கடி வருகிறது. அதுவும் இதே முகத்துக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். தூக்கம், பசி, ‘இருந்து என்ன பயன்’ என்பது போன்ற பேச்சு ஆகியவற்றில் மாற்றம் கண்டால், நோயின் இயல்பு என்று விட்டுவிடாமல் அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பொய் சொல்பவரைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார் என் நண்பர். முடியுமா?
– சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

முடியாது. 2006-இல் வெளிவந்த ஒரு பெருந்தொகுப்பு ஆய்வு, இருபத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் அளித்த தீர்ப்புகளைக் கூட்டிப் பார்த்ததில், பொய்யையும் மெய்யையும் பிரித்துச் சொன்னதில் சரியாக அமைந்தது சராசரியாக 54 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினால் 50 கிடைக்கும்.

காரணம் எளிது. பதற்றம் வெளியே தெரியும். அது எதனால் வந்தது என்பது தெரியாது. முதன்முதலாகக் காவல் நிலையப் படியேறும் நிரபராதிக்கும் உள்ளங்கை வியர்க்கும், நா வறளும். பொய் கண்டறியும் கருவி அளப்பதும் இதே வியர்வையையும் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும்தான். நீங்கள் சட்டம் படிப்பவர் என்பதால் 2010-ஆம் ஆண்டின் செல்வி எதிர் கர்நாடக அரசு தீர்ப்பை நினைவூட்டுகிறேன். ஒருவரின் சம்மதமின்றி அந்தச் சோதனையை நடத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. அதேசமயம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280-ஆம் பிரிவு, சாட்சி சொல்லும்போது அவருடைய நடத்தையைப் பற்றித் தாம் முக்கியம் என்று கருதும் குறிப்புகளை நீதிபதி பதிவுசெய்ய வேண்டும் என்றது. கூண்டில் ஏறியவர் திணறுவதைப் பொய்யின் அடையாளமாகக் கொள்வதில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை, நாளைக்குக் கறுப்பு அங்கி அணியப்போகும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை சிரித்த முகம். நாற்பது புடவை விரித்துப் போட்டபின் ‘பிடிக்கவில்லை’ என்று எழுந்துபோனாலும் ‘பரவாயில்லைங்க, மறுபடி வாங்க’ என்று சிரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அம்மா ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால்கூட எரிந்து விழுகிறேன். நான் கெட்டவளா?
– 24 வயது வாசகி, சென்னை

கெட்டவள் இல்லையம்மா, இரண்டு வேலை செய்து ஒரு சம்பளம் வாங்குகிறவள். புடவையை விரித்து மடிப்பது ஒரு வேலை. உள்ளே எழுவதை அமுக்கி, இல்லாத ஒன்றை முகத்தில் வரவழைப்பது மற்றொன்று. ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களிடையே ஆராய்ந்து, இந்த இரண்டாவது வேலையைப் பற்றி 1983-இல் ஒரு நூல் எழுதினார். சிரிப்பும் வணிகச் சரக்காகிவிட்டால், நாளடைவில் அந்தச் சிரிப்பு தம்முடையதுதானா என்ற ஐயம் ஊழியருக்கே வந்துவிடுகிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று.

அவர் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார். உள்ளே கொதிக்க, மேலே மட்டும் சிரிப்பது ஒன்று. எதிரே இருப்பவரின் நிலையை எண்ணிப் பார்த்து, உள்ளுணர்ச்சியையே சற்று மாற்றிக்கொண்டு சிரிப்பது இன்னொன்று. நாற்பது புடவை பார்த்த அந்த அம்மாள் கையில் உள்ள பணத்துக்கும் மகளின் ஆசைக்கும் இடையில் மாட்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தால், வரும் சிரிப்பு பாதியாவது மெய்யாக இருக்கும். பிறகு வந்த பல ஆய்வுகளில், ஆளைத் தேய்ப்பது முதல் வகைதான் என்று தெரிகிறது. ஆனாலும் எல்லாப் பொறுப்பையும் உங்கள் மனத்தின் தலையிலேயே சுமத்த எனக்கு விருப்பமில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே சிரிப்பவருக்கு முதலில் வேண்டியது உபதேசமன்று, நாற்காலி. கடை ஊழியர்களுக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தம் கொண்டுவரப்பட்டது. உங்கள் தளத்தில் நாற்காலி இருக்கிறதா, இருந்தால் உட்கார விடுகிறார்களா?

வீட்டு விஷயத்துக்கு ஒரு வழி: வந்ததும் முகம் கழுவி, கால் மணி நேரம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சிரிக்க வேண்டிய கட்டாயமே இல்லாத ஒரே இடமாக உங்களுக்கு அம்மா இருக்கிறார். அதனால்தான் நாள் முழுதும் தேங்கியது அங்கே கொட்டுகிறது. எரிந்து விழுந்த அன்றிரவே ‘உன்மேல் கோபமில்லை, கடையில் இப்படி நடந்தது’ என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் படுங்கள். சொல்லாமல் விட்டால், அம்மா தம்மீது குற்றம் தேடத் தொடங்குவார்.

கோபத்தை அடக்கினால் நெஞ்சு வலி வரும், கொட்டிவிட்டால் ஆறிப்போகும் என்று நம்பி வாழ்பவன் நான். வீட்டில் எல்லாரும் என்னைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். நான் சொல்வது சரிதானே?
– அரிசி மண்டி உரிமையாளர், திருநெல்வேலி

அண்ணாச்சி, பாதிகூடச் சரியில்லை.

2002-இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 600 மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். அவர்கள் எழுதிய கட்டுரையை மிக மோசம் என்று ஒருவர் இகழ்ந்ததாகக் காட்டிச் சினமூட்டிவிட்டு, ஒரு பிரிவினரை, இகழ்ந்தவரை நினைத்துக்கொண்டே மணல்மூட்டை போன்ற குத்துப்பையைக் குத்தச் சொன்னார். கோபம் தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட, குத்தியவர்களுக்கே கோபம் மிகுந்திருந்தது. மற்றவரைத் தாக்கும் முனைப்பும் கூடியிருந்தது. கத்தக் கத்தக் கோபம் காலியாவதில்லை, கத்துவதற்குப் பழகுகிறது. நெஞ்சு வலியைப் பற்றிச் சொன்னீர்கள். மாரடைப்பு வந்து பிழைத்த 1,600-க்கும் மேற்பட்டோரை விசாரித்து 1995-இல் வெளியான ஆய்வில், கடுஞ்சினம் எழுந்த அடுத்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து மற்ற நேரங்களைக் காட்டிலும் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம் என்று தெரிந்தது. ஆரோக்கியமான ஒருவருக்கு ஒருமுறை கோபம் வந்தால் அந்த ஆபத்து மிகச் சிறியதுதான். சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவர் நாளைக்கு நாலு முறை கொதித்தால் கணக்கு வேறு.

அப்படியானால் விழுங்கிக்கொள்ள வேண்டுமா? அதற்கும் விலை உண்டு. போர் அழிவைக் காட்டும் படத்தைப் பார்த்தபின் முன்பின் அறியாத பெண்களை இருவர் இருவராகப் பேசவிட்டு, ஒருத்தியிடம் மட்டும் உணர்ச்சியை வெளிக்காட்டாதே என்று சொல்லிவைத்த ஓர் ஆய்வு 2003-இல் வந்தது. அடக்கியவள் எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு இரத்த அழுத்தம் ஏறியது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலும் வீட்டார் நிம்மதியாக இருக்கப்போவதில்லை.

கொட்டாமலும் விழுங்காமலும் இருப்பதற்கு நடுவே ஒரு வழி இருக்கிறது. முதலில் உடல் ஆற வேண்டும். நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும் அந்த இருபது நிமிடத்துக்கு எந்த வழக்கையும் எடுக்காதீர்கள், மண்டியின் பின்பக்கம் போய் நடங்கள். ஆறியபின், நடந்ததையும் அதனால் உமக்கு ஏற்பட்டதையும் சொல்லுங்கள். ‘மூட்டையை எண்ணாமல் ஏற்றிவிட்டாய், வாங்குபவர் முன் எனக்குத் தலைகுனிவாகிவிட்டது’ என்பதில் கோபம் முழுவதும் இருக்கிறது. ‘உன் புத்தி இப்படித்தான், உன் அப்பன் புத்தி’ என்பதில் பகை மட்டும்தான் இருக்கிறது. வீட்டார் ஒதுங்குவதைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒதுங்குகிறவர்கள் உங்களிடம் நல்ல செய்தியையும் தாமதமாகத்தான் சொல்வார்கள், கெட்ட செய்தியைச் சொல்லவே மாட்டார்கள். மகன் கடன் வாங்கியிருந்தால் கடைசியாகத் தெரிந்துகொள்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, வயிற்றில் ஏதோ உருளுகிறது. இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாகிவிட்டது, அத்தனையும் நார்மல். ‘ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்’ என்று அனுப்பிவிட்டார்கள். நான் நடிக்கிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.
– 42 வயது குடும்பத்தலைவி, விழுப்புரம்

நீங்கள் நடிக்கவில்லை. ‘ஒன்றுமில்லை’ என்பது தவறான சொல். ‘இதயத்தில் கோளாறு இல்லை, வயிற்றில் புண் இல்லை, ஆனால் உங்களுக்கு ஏதோ இருக்கிறது’ என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1822-இல் அமெரிக்காவின் மாக்கினா தீவில், அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இரைப்பையில் ஓட்டை விழுந்தது. உயிர் பிழைத்தார், ஓட்டை மூடவேயில்லை. அவருக்கு மருத்துவம் பார்த்த வில்லியம் போமான்ட் என்ற ராணுவ மருத்துவர், அந்தத் துளை வழியாகவே செரிமானத்தைப் பல ஆண்டுகள் கவனித்து 1833-இல் நூலாக வெளியிட்டார். அச்சமோ சினமோ வந்த வேளைகளில் இரைப்பையின் உட்சுவர் நிறம் மாறுவதையும், சில நேரம் சிவந்து உலர்ந்துபோவதையும் அவர் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். எண்டோஸ்கோப்பியில் புண் தெரியாதிருக்கலாம். வயிற்றில் எதுவும் நடக்கவில்லை என்று அதற்குப் பொருளில்லை.

துயரத்தைத் துயரமென்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருபவர்கள் உலகெங்கும் குறைவு. பெங்களூரு உட்பட 14 நாடுகளின் மையங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 1999-இல் வெளியானபோது, மனச்சோர்வு இருந்தவர்களில் 69 விழுக்காட்டினர் உடல் தொந்தரவுகளை மட்டுமே வந்த காரணமாகச் சொன்னார்கள் என்று தெரிந்தது. நம் வீடுகளில் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிப் படுத்துக்கொள்ள ஒரு மருமகளுக்கு அனுமதி இல்லை. ‘நெஞ்சு அடைக்கிறது’ என்று சொல்ல அனுமதி உண்டு. உடல் அந்த அனுமதியைப் பயன்படுத்திக்கொள்கிறது என்று நான் நினைப்பதுண்டு.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட வரி வேறொன்று: படபடப்பு வந்துவிடுமோ என்று பயந்து தங்கை மகள் திருமணத்துக்குப் போகவில்லை, பேருந்தில் தனியாக ஏறுவதில்லை, கோயிலுக்கும் கூட்டமில்லாத நேரத்தில்தான் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வாழ்க்கை சுருங்குவது இப்படித்தான். ஒவ்வொரு விலகலும் அன்றைக்கு நிம்மதி தரும். அடுத்த முறை போவதை இன்னும் கடினமாக்கும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, கட்டணமில்லை. முதலில் பேசிப் பார்க்க வேண்டுமானால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். மாத்திரை தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். ஆனால் விலகிய இடங்களுக்குச் சிறிது சிறிதாகத் திரும்பிப் போகும் பயிற்சி கட்டாயம் தேவைப்படும். வழக்கத்துக்கு மாறாக வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், ‘நமக்கு மனசுதானே’ என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பதற்றம் உள்ளவருக்கும் மாரடைப்பு வரும்.

பூங்காவில் காலையில் கூடிக் கைகொட்டிச் சிரிக்கிறோம். வலியச் சிரித்தால் மகிழ்ச்சி வருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

சிறிதளவு வரும். பேனாவைப் பல்லில் கடித்துச் சிரிப்புத் தசையை இயங்கவைத்தால் கேலிச்சித்திரம் கூடுதலாகச் சிரிப்பூட்டுகிறது என்று 1988-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2016-இல் 17 ஆய்வகங்கள் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. 2022-இல் 19 நாடுகளில் ஏறக்குறைய நாலாயிரம் பேரிடம் சோதித்தபோது, சிரிக்கும் முகத்தைப் பார்த்து அதேபோல் வைத்துக்கொண்டவர்களின் மகிழ்ச்சி சற்றுக் கூடியது; பேனா விஷயம் மட்டும் தெளிவாகவில்லை. 1995-இல் மும்பைப் பூங்கா ஒன்றில் தொடங்கிய இந்தச் சிரிப்பு மன்றங்களில், சிரிப்பைவிட, விடியற்காலையில் எழுந்து நடந்துவந்து நாலு பேரைப் பார்ப்பதே பெரிய மருந்து என்பது என் எண்ணம். தொடர்ந்து போங்கள்.

என் தாயார் காலமாகி இருபது நாள் ஆகிறது. ஏழு வயது மகன் பாட்டியோடுதான் தூங்குவான். அவன் முன்னால் அழக்கூடாது என்று உறவினர் சொல்கிறார்கள். ஆம்பளை உடைந்துபோனால் பிள்ளை பயந்துவிடுவான் என்கிறார்கள். நானும் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு நடமாடுகிறேன். அவனோ என்னிடம் பேசுவதையே குறைத்துவிட்டான்.
– வாசகர், தஞ்சாவூர்

உறவினரின் அக்கறை மெய்யானது, அறிவுரை தவறானது.

1970-களில் எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் செய்த ஒரு சோதனையைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். சில மாதக் குழந்தையோடு தாய் கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு, சொல்லிவைத்தபடி, சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. எதற்கும் பதில் இல்லை என்றானதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உடலைத் தளர்த்திக்கொள்கிறது, சில குழந்தைகள் அழுகின்றன. தாய் அங்கேயேதான் இருக்கிறாள், அடிக்கவில்லை, திட்டவில்லை. முகம் மட்டும் போய்விட்டது. பேச்சு வராத குழந்தைக்கே இப்படியென்றால், ஏழு வயதுப் பிள்ளை உங்கள் கல்முகத்திலிருந்து என்னென்ன எண்ணிக்கொள்வான்? அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று எண்ணலாம். பாட்டியைப் பற்றிப் பேசினால் தப்பு என்று எண்ணலாம். அந்த வயதில், தான் செய்த ஏதோ ஒன்றால்தான் பாட்டி போய்விட்டாள் என்றுகூடப் பிள்ளைகள் எண்ணுவது உண்டு.

நம்மிடம் ஒப்பாரி என்று ஒன்று இருந்தது; பெண்கள் கட்டிப்பிடித்து, போனவர் செய்ததையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார்கள். ஆண்களுக்கு அந்த வசதியை நம் சமூகம் தரவில்லை. பந்தல், பாடை, சாப்பாட்டுக் கணக்கு என்று வேலையைக் கொடுத்து அழுகைக்கு வழியில்லாமல் செய்துவிட்டது.

அழுங்கள். பிள்ளை பார்த்தால் பார்க்கட்டும். ஆனால் காரணத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘அப்பாவுக்குப் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது, அதனால் அழுகை வருகிறது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். உன்மேல் எனக்குக் கோபமே இல்லை.’ இந்த நான்கு வரிகளில் அவனுக்குத் தேவையான எல்லாம் இருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு கதறுமளவுக்கு உடைந்துபோகும் நேரமென்றால் மட்டும், அவனை அத்தையோடோ சித்தியோடோ விட்டுவிட்டுத் தனியே போங்கள். தாங்க முடியாத நிலையில் தகப்பனைப் பார்ப்பது அவனுக்கு அச்சம் தரும். ‘பாட்டி தூங்குகிறாள்’, ‘ஊருக்குப் போயிருக்கிறாள்’ என்று யாரும் சொல்ல வேண்டாம். அவன் தூங்கப் பயப்படுவான், அல்லது வாசலைப் பார்த்துக் காத்திருப்பான். இறந்துவிட்டாள், இனி வரமாட்டாள் என்று நேராகவே சொல்லலாம்.

‘நீயும் செத்துப்போயிடுவியா அப்பா?’ என்று ஒருநாள் கேட்பான். பதறாதீர்கள். ‘எல்லாரும் ஒருநாள் போவார்கள், அப்பா ரொம்ப நாள் உன்னோடு இருக்கத்தான் உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லுங்கள். படுக்கையை உங்கள் அருகில் மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளியில் வகுப்பாசிரியரிடம் செய்தியைச் சொல்லிவையுங்கள். சில நாள் படுக்கையை நனைப்பது, சிறுபிள்ளைபோல் ஒட்டிக்கொள்வது போன்றவை இருக்கலாம். அதற்காக அதட்ட வேண்டாம். இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகும் விளையாட்டில் மனம் செல்லாமல், உணவும் தூக்கமும் குறைந்து, பள்ளிக்குப் போக மறுத்தால், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்களும் கூடவே உள்ளே போய் உட்காருங்கள். அவனுக்காக மட்டும் வந்ததாகச் சொல்ல வேண்டாம்.